வீடு காட்டுகிறவள்

அவளை எல்லோரும் சாவி என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது. வாடகைக்கு வீடு பார்த்துத் தரும் அலுவலகம் ஒன்றில் வேலை. இடுப்பில் ஒரு வளையம், அதில் கொத்துக் கொத்தாய்ச் சாவிகள். தெருவில் அவள் வருமுன் அவள் சத்தம் வந்துவிடும். சத்தம் கேட்டதும் வீடு தேடி அலைகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நகரத்தில் வீடு தேடாத ஆளே அபூர்வம் என்பதால், அவள் போகிற வழியெல்லாம் தலைகள் திரும்பும்.

வேலையில் சேர்ந்த புதிதில் அவளுடைய வாய்க்கு மதிப்பு இருந்தது. ஜன்னலே இல்லாத அறையை "வெயில் தொல்லையே இல்லாத ரூம்" என்பாள். தலை இடிக்கிற கூரையைக் காட்டி, "ஏணி இல்லாமலே பல்பு மாத்திக்கலாம்" என்பாள். தண்டவாளத்தை ஒட்டிய வீடு என்றால், "ஸ்டேஷனுக்கு நீங்க போக வேணாம், ஸ்டேஷனே உங்ககிட்ட வந்துடும்" என்பாள். கேட்கிறவர்கள் சிரித்துக்கொண்டே ஏமாறுவார்கள். இப்போது அந்தத் திறமைக்கெல்லாம் வேலையில்லை. அவள் பூட்டில் சாவியை நுழைப்பதற்குள்ளேயே, "எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று பின்னாலிருந்து பத்துக் குரல் வரும். வீட்டைப் பார்க்கவே மாட்டார்கள். சாவிக்கு இதில் உள்ளூர வருத்தம்.

இத்தனைக்கும் சாவிக்கே வீடு கிடையாது.

இந்த நாட்டுக்கு அவள் அக்காவோடு வந்தவள். அக்கா, அத்தான், அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர், வாடகையைச் சமாளிப்பதற்காக உள்ளறையில் குடிவைத்திருந்த நர்ஸ் ஒருத்தி என்று அந்த வீட்டில் எள் போட இடமில்லை. ஹாலில் சோபாவுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு மடக்குக் கட்டில் விரிக்கலாம். அதுதான் சாவியின் சொத்து. இயந்திரம் சுழலும்போது கட்டிலும் கூடவே நடுங்கும். காலையில் எழுந்தால் கட்டில் கதவுப் பக்கமாக நகர்ந்திருக்கும். "பார்த்தியா, வீடே உன்னை வெளிய தள்ளுது" என்பாள் அக்கா. சொல்லிவிட்டுத் தங்கைக்கு இன்னொரு போர்வையும் எடுத்துக் கொடுப்பாள்.

இந்த நிலையில்தான் சாவி கல்யாணமும் செய்துகொண்டாள்.

மாப்பிள்ளை பஸ் டிரைவர். அவள் தினமும் வேலைக்குப் போகிற பஸ். அவன் இந்த ஊரிலேயே பிறந்தவன். அதனால் வீடு இருக்கும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. தானும் அப்பாவுமாக ஒற்றை அறையில் இருந்தான். அப்பாவுக்குக் கட்டில், பிள்ளைக்குத் தரை. கால் நீட்டினால் கதவைத் திறக்க முடியாது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, ஓட்டலில் எல்லோருமாகச் சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் மாப்பிள்ளை வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினான், பெண் தெற்கே போகிற பஸ்ஸில் ஏறினாள். "வீடு கிடைக்கிற வரைக்கும்தான்" என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மாதங்கள் ஓடின, வீடு கிடைக்கவில்லை.

அவர்கள் குடித்தனம் நடந்தது பஸ்ஸில்தான். வேலை முடிந்ததும் சாவி அவன் பஸ்ஸில் ஏறி, அவனுக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்காருவாள். அவன் தலைக்கு மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். கட்டின புருஷனோடு சேர்ந்திருக்கக் கிடைத்த ஒரே இடத்தில் பேச்சுக்குத் தடை! அவனோ சட்டத்துக்குப் பயந்தவன். கண்ணாடியில் அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவான். 'சாப்பிட்டியா' என்று அர்த்தம். அவள் தலையை ஆட்டுவாள். கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கிற கொஞ்ச நேரத்தில், ஒரு டீயை இரண்டாகப் பகிர்ந்துகொண்டு, ஒரு நாள் பேச்சு முழுவதையும் மூச்சு விடாமல் பேசி முடிப்பார்கள். பிறகு வண்டி கிளம்பிவிடும்.

"உன் ஆபீஸ்லதான் அத்தனை வீடு இருக்கே, ஒண்ணு நமக்குக் கேட்கக் கூடாதா?" என்று அவன் கேட்காத வாரமில்லை.

கேட்காமலா இருந்தாள்? மேனேஜர் நியாயஸ்தர். "தாராளமா எடுத்துக்கோ. ஆனா மத்தவங்க மாதிரி வரிசையில நின்னு வரணும்" என்றார். கதவைத் திறந்துவிட வேண்டியவளே வரிசையில் எப்படி நிற்பது? அக்காவுக்கு வேலை, அத்தானுக்கு வேலை, டிரைவருக்கும் வேலை. மீதி இருந்தவர் ஒரே ஒருவர்தான். மாமனார்.

மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கி பழுதானாலும் அந்த ஸ்டேஷனில் ஒருத்தரும் ரயிலைத் தவறவிட்டதில்லை என்று சொல்வார்கள். அப்படி ஒரு தொண்டை. வேலை போய்விட்டது, தொண்டை போகவில்லை. டீ வேண்டும் என்று அவர் சொன்னால் அடுத்த கட்டடத்தில் யாராவது அடுப்பைப் பற்றவைப்பார்கள். நாட்டில் நடக்கும் அநியாயத்துக்கெல்லாம் அவர் கணக்கில் குற்றவாளிகள் இரண்டே பேர்: வெளியிலிருந்து வந்து வீட்டையெல்லாம் நிரப்பியவர்கள் ஒன்று, அதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியைத் தேய்க்கும் தலைவர்கள் இரண்டு. நகர மன்றத்தின் முன்னால் எந்த ஆர்ப்பாட்டம் நடந்தாலும் முதல் ஆளாக நிற்பார். மைக் வாடகை மிச்சம் என்று அவரை எல்லாக் கட்சிக்காரர்களும் வருந்தி அழைத்தார்கள்.

முதல் முதலாக மருமகளைப் பார்த்த அன்றும் அவர் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில் எதிரே இருப்பவள் யார் என்பது உறைத்தது.

"உன்னைச் சொல்லலம்மா. பொதுவா சொல்றேன்."

"தெரியும் மாமா. நீங்க சொல்லுங்க, டீ ஆறிடப் போகுது."

இப்படி அவர் 'சொல்லாத' ஆட்கள் நிறைய. பல் பிடுங்கின டாக்டர், கீழ்க்கடைக்காரர், கண்ணாடி மாற்றித் தந்த பெண். ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டே வருவார். கோபத்தை மட்டும் குறைத்துக்கொள்ள மாட்டார்.

வீடு பார்க்க வரிசையில் நிற்கச் சொன்னால் மட்டும் மனிதர் அசைய மாட்டார். "பொறந்து வளர்ந்த ஊர்ல ஒரு கூரைக்கு நான் கையேந்தி நிக்கணுமா? உயிர் போனாலும் நடக்காது!" அவர் சொன்னது சாவிக்கு நேரிலும் கேட்டது, தெருமுனையிலிருந்து எதிரொலியாகவும் கேட்டது.

அப்படிப்பட்டவர் மனம் மாறியது பஸ்ஸில். ஒரு நாள் ஆர்ப்பாட்டம் முடிந்து, கையில் பதாகையோடு, மகன் ஓட்டுகிற பஸ் என்று தெரியாமலே பின்வாசல் வழியாக ஏறினார். முன்னால் மருமகள் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் தலை சாய்த்து நல்ல தூக்கம். மடியில் சாவிக் கொத்து. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, அவள் இறங்கவில்லை. மகனும் எழுப்பவில்லை. திருப்பத்தில் வண்டியை அவ்வளவு மெதுவாக, தொட்டில் ஆட்டுகிற மாதிரி திருப்பினான். சாவிகள் கூடக் குலுங்கவில்லை. பெரியவர் கடைசி இருக்கையில் பதாகையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஒரு முழுச் சுற்று, வாயே திறக்காமல் வந்தார். அவர் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

அந்த வாரம் அலுவலகத்துக்கு ஒரு வீடு வந்தது. இரண்டாவது மாடி, இரண்டு அறை, தனிச் சமையலறை, ஒரு செடித்தொட்டி வைக்கிற அளவுக்கு பால்கனி. அதற்குச் சொந்தக்காரி ஒரு அம்மாள். ஆட்களைத் தானே பார்த்துத்தான் வீடு தருவேன் என்று சொல்லியிருந்தாள். வீடு பார்க்கும் நாளன்று காலையில் சாவி போனபோது வரிசை மாடிப்படி முழுக்க இறங்கி, வாசலைத் தாண்டி, தெரு வளைவில் குப்பைத் தொட்டிகள் வரை போயிருந்தது. படியேறிக்கொண்டே போனவள் முதல் மாடித் திருப்பத்தில் அப்படியே நின்றாள்.

மாமனார் நின்றுகொண்டிருந்தார். துவைத்த சட்டை, சீவிய தலை. அவளைப் பார்த்ததும், முன்பின் தெரியாதவர் மாதிரி சுவரைப் பார்க்கத் தொடங்கினார். மருமகள் பேரைச் சொல்லி வீடு வாங்கினார் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதாம். சாவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தானும் அவரைத் தெரியாதவள் மாதிரி மேலே போய்க் கதவைத் திறந்தாள்.

மாமனாருக்கு முன்னால் நின்றவர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிற சமையல்காரர். மனைவியும் இரண்டு மகள்களும் உள்ளவர், வெளிநாட்டிலிருந்து வந்தவர். வரிசையில் நின்று பழுத்தவர் என்பதால் மடக்கு முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து சுகமாக உட்கார்ந்திருந்தார். மாமனாரால் எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்க்க முடியும்?

"நீங்க எப்ப வந்தீங்க?" என்றார்.

"காலையில இருட்டோட வந்துட்டேங்க."

"அதைக் கேட்கல. இந்த நாட்டுக்கு எப்ப வந்தீங்க?"

"அது ஆச்சு, பத்துப் பதினோரு வருஷம்."

"நான் பொறந்ததிலேருந்தே இங்கதான் இருக்கேன்."

"அப்ப ஏங்க எனக்குப் பின்னாடி நிக்கறீங்க?"

மேலும் கீழும் படிகளில் சிரிப்பு பரவியது. மாமனாருக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. வீடுகள் ஏன் தீர்ந்துபோயின என்று ஆரம்பித்து அவர் முழங்க, சமையல்காரர் கால் மேல் கால் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். "வீட்டை நான் சட்டைப்பையில போட்டுக்கிட்டா போயிட்டேன்? நானும்தான் தேடறேன்" என்றார். "உங்க ஊர் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி காய்ச்சறவன் எங்க படுக்கணும்னு நீங்களே சொல்லுங்க, அங்க போய் படுத்துக்கறேன்" என்றார். மாமனார் அடுத்த அநியாயத்துக்குத் தாவினார். பேசிப் பேசிக் கால் கடுத்தது. அதைக் கவனித்த சமையல்காரர் எழுந்து முக்காலியைத் தள்ளினார்.

"உட்கார்ந்துக்கிட்டே திட்டுங்க. எனக்கும் கேட்க வசதியா இருக்கும்."

கொஞ்ச நேரம் இவர், கொஞ்ச நேரம் அவர் என்று முக்காலி கைமாறியது. முக்காலியோடு பேச்சும் மாறி, இப்போதைய வீட்டு வசதி அமைச்சரிடம் வந்து நின்றது. அங்கே இருவருக்கும் துளிக்கூடக் கருத்து வேறுபாடு இல்லை. 'எல்லோருக்கும் கூரை' என்று சொல்லி ஜெயித்தவர் அவர். "கூரைக்குக் கீழ சுவர் வேணும்னு அவருக்கு யாரும் சொல்லல போல" என்றார் சமையல்காரர். மாமனார் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார்.

அதே அமைச்சர் அங்கேயே வந்துகொண்டிருந்தார் என்பது சாவிக்கு மட்டும்தான் தெரியும். மேனேஜர் போனில் கெஞ்சியிருந்தார்: "ஜனங்க கோபமா இருக்காங்களாம். அவங்க கஷ்டத்தை நேர்ல பார்க்கற மாதிரி ஒரு படம் வேணுமாம். கதவுகிட்ட நின்னு சிரி, சாவியைக் கையில குடுக்கற மாதிரி குடு, வாங்கிக்கோ. அஞ்சு நிமிஷ வேலை."

கார் வந்து நின்றது. அமைச்சர் இறங்கினார், உதவியாளர் இறங்கினார், கேமராக்காரர்கள் முன்னால் ஓடினார்கள். வரிசையை ஒட்டினாற்போல அமைச்சர் விறுவிறுவென்று படியேறினார், இருபுறமும் கும்பிட்டுக்கொண்டே. வரிசைக்கோ ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது: ஒருத்தன் குறுக்கே புகுந்து மேலே போகிறான். முதல் மாடித் திருப்பத்தில் முக்காலியிலிருந்து எழுந்தார் மாமனார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"வரிசையில் வராதவர்கள் உடனடியாகப் பின்னால் செல்லவும்!"

கட்டடம் அதிர்ந்தது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. அமைச்சர் ஒரு கால் ஒரு படியிலும் மறு கால் மறு படியிலுமாக உறைந்துபோனார்.

உதவியாளர் முன்னுக்கு வந்தார். "இவர் யாருன்னு தெரியுமா?"

"தெரியுங்க. தெரிஞ்சுதான் சொல்றோம்" என்றார் சமையல்காரர்.

அதற்குள் படி முழுக்கக் குரல்கள் எழுந்தன. ஊர்க்காரர், வந்தவர் என்று அதுவரை முறைத்துக்கொண்டு நின்றவர்களெல்லாம் ஒரே குரலாக, "பின்னாடி! பின்னாடி போங்க!" என்றார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அமைச்சர் அதை ஓரக்கண்ணால் பார்த்தார். அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர் அல்லவா, சட்டென்று முகத்தை மலர்த்திக்கொண்டு, "மக்களோட மக்களா நிக்கத்தானே வந்திருக்கேன்!" என்றார். சொன்ன மறுகணமே அந்த வாக்கியத்துக்கு என்ன விலை என்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். படியிறங்கி, வாசலைத் தாண்டி, தெரு வளைவில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் போய்க் கடைசி ஆளாக நின்றார்.

அவருக்கு முன்னால் நின்றவள் கைக்குழந்தைக்காரி. "ஐயா, கொஞ்சம் பிடிங்க, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கேமராக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். குழந்தைகளைத் தூக்கி முத்தம் கொடுத்துத் திருப்பித் தருவது அமைச்சருக்குக் கைவந்த கலை. ஆனால் இந்தக் குழந்தையைத் திருப்பி வாங்கத்தான் ஆளில்லை. பாத்ரூமுக்கும் ஒரு வரிசை இருந்தது. குழந்தை முதலில் அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது, பிறகு அழுதது, பிறகு செய்யக் கூடாததையும் செய்தது. வெயில் ஏறிற்று. உதவியாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அமைச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவைக் காட்டினார். வரிசை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

மேலே, காலியான சமையலறையில் ஒரே ஒரு நாற்காலியைப் போட்டு வீட்டுக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தாள். டிவி பார்க்கிற பழக்கமோ பேப்பர் படிக்கிற பழக்கமோ அவளுக்கில்லை. வேலை, குடும்பம், இப்போதிருக்கிற இடம் என்று வழக்கமான கேள்விகளைச் சாவி கேட்பாள். கடைசிக் கேள்வி மட்டும் அம்மாளுடையது. எல்லோரிடமும் அதையே கேட்டாள்: "குழாய் சொட்டுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

சமையல்காரர், "அந்தச் சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வராதும்மா. முதல்ல நானே முறுக்கிப் பார்ப்பேன். முடியலன்னா உங்ககிட்ட வந்து நிப்பேன்" என்றார்.

அடுத்து வந்தார் மாமனார். சாவி முகத்தை இறுக்கிக்கொண்டு, அந்நியரைக் கேட்பதுபோல எல்லாவற்றையும் கேட்டாள். அவரும் அந்நியர்போலவே பதில் சொன்னார். குழாய்க் கேள்வி வந்ததும்,

"உங்களைக் கூப்பிடுவேன்!" என்றார்.

ஜன்னல் கண்ணாடி ஒரு முறை கிணுகிணுத்து அடங்கியது. அம்மாள் காதிலிருந்து கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று. "என் வீடு மூணு தெரு தள்ளி இருக்குங்க. நீங்க கூப்பிட்டா போன் இல்லாமலே கேட்கும். பாவம், அக்கம்பக்கத்துல குழந்தைங்க இருக்காங்க" என்றாள்.

மாமனார் வெளியே வந்தார். படியில் அவர் இறங்கிய விதத்தைப் பார்க்கச் சாவிக்குச் சகிக்கவில்லை. ஆனால் உள்ளே அடுத்த ஆள் காத்திருந்தார்.

கடைசியில் அமைச்சர் வந்தபோது சட்டையில் ஈரம், நெற்றியில் வேர்வை, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கக் காம்பு இல்லை. பின்னாலேயே கேமரா. வேடிக்கை பார்ப்பதற்காக வரிசையில் பாதிப்பேர் வீட்டுக்குப் போகாமல் படியிலேயே நின்றார்கள். மேனேஜர் சொன்னது சாவிக்கு நினைவிருந்தது: சிரி, சாவியைக் குடு, வாங்கிக்கோ. ஆனால் நாற்காலியில் இருந்த அம்மாள், "ம், ஆரம்பிம்மா" என்றுவிட்டாள். ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு வேறு நியாயமா? மாமனாரையே கேட்டாயிற்று. சாவி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ன வேலை செய்யறீங்க?"

அமைச்சர் கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தார். "அமைச்சர்."

"நிரந்தரமா, தற்காலிகமா?"

உதவியாளர் இருமினார். அமைச்சர், "தேர்தல் வரைக்கும்" என்றார்.

"அதுக்கப்புறம்?"

"அது மக்கள் விருப்பம்."

வீட்டுக்கார அம்மாள் முன்னால் சாய்ந்தாள். "அடுத்தவங்க விருப்பத்துல ஓடற வேலையை நம்பி எப்படிப்பா வீடு குடுக்கறது? சரி, அது போகட்டும். குழாய் சொட்டுச்சுன்னா என்ன பண்ணுவே?"

காலையிலிருந்து நின்ற களைப்போ, பழக்கதோஷமோ, அமைச்சர் வாயில் அது தானாக வந்தது: "அதை ஆராய உடனடியா ஒரு குழு அமைப்போம்."

"குழுவுக்கெல்லாம் இங்க இடமில்லப்பா. ரெண்டு ரூம்தான்" என்றாள் அம்மாள்.

படியில் எழுந்த சிரிப்பு தெருவுக்கு இறங்கியது. மாலைக்குள் ஊரெல்லாம் போனில் பார்த்துவிட்டது. அடுத்த ஆர்ப்பாட்டத்தில் பாதிப் பதாகைகளில் 'வரிசையில் வரவும்' என்றுதான் எழுதியிருந்தது. அமைச்சரைச் சத்தமில்லாமல் விளையாட்டுத் துறைக்கு மாற்றினார்கள். பாவம், மனிதர் அதற்கும் அசரவில்லை. போகிற மேடையிலெல்லாம் "நானும் வரிசையில் நின்றவன்தான்" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் முழு உண்மை என்று ஜனங்கள் கைதட்டினார்கள்.

சாவியை மேனேஜர் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் திட்டினார். "சிரின்னு சொன்னேன், இன்டர்வியூ எடுக்கவா சொன்னேன்?" வேலை போயிற்று என்றே அவள் நினைத்தாள். அன்று மாலை பஸ்ஸில் கண்ணாடியைப் பார்க்காமல் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். ஆனால் மறுநாள் அலுவலகப் போன் ஓயவில்லை. "அந்தக் கேள்வி கேட்கற பொண்ணை அனுப்புங்க" என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் வரிசை கட்டினார்கள். மேனேஜர் அவள் மேசைக்கு வந்து, வேறு ஏதோ பேச வந்தவர்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்குச் சீக்கிரம் வந்துடு" என்றார்.

வீடு சமையல்காரருக்குப் போயிற்று. மாமனார் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. நாட்டில் அநியாயம் நடக்காமலா இருந்தது? இருந்தும் ஆர்ப்பாட்டத்துக்கும் போகவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். "அப்பாகிட்ட சத்தமே இல்ல. பயமா இருக்கு" என்றான் டிரைவர், கடைசி நிறுத்தத்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு.

அப்போதுதான் சமையல்காரர் போன் செய்தார். வரிசையில் நின்றபோதே பெரியவரின் எண்ணை வாங்கி வைத்திருந்தாராம்; திட்டு பாதியில் நின்றுவிட்டது, மீதியைக் கேட்கலாம் என்று. அவர் இருந்த பழைய வீடு காலியாகிறது, சலவை நிலையத்துக்குப் பின்கட்டு, அறை இரண்டும் சின்னதுதான். ஆனால் சலவைக்காரர், 'உனக்குத் தெரிஞ்ச ஆளா யாராவது இருந்தா சொல்லு' என்று தன்னிடமே விட்டுவிட்டார் என்றார்.

"இந்த ஊர்ல என்கிட்ட அவ்வளவு நேரம் பேசின மனுஷன் நீங்க ஒருத்தர்தாங்க. அதான் உங்க ஞாபகம் வந்துச்சு."

மாமனார் போனை வைத்துவிட்டு அறைக்குள் நடந்தார். நடக்க அங்கே இடமில்லாததால் நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி நடந்தார். "என் ஊர்ல எனக்கு வீடு பார்த்துத் தர அவன் யாரு?" என்றார். "முக்காலியில உட்கார வச்சா எல்லாம் சரியாயிடுமா?" என்றார். பதில் சொல்ல யாருமில்லை. மறுநாள் மருமகளுக்கு அவரே போன் போட்டார்.

"சும்மா பார்த்துட்டு வரலாம். பார்க்கறதுல என்ன இருக்கு? நீதான் வீடு காட்டறவளாச்சே, வந்து குத்தம் கண்டுபிடிச்சுச் சொல்லு."

சாவி போனாள். குற்றம் கண்டுபிடிக்கப் பெரிய சிரமம் தேவைப்படவில்லை. ஜன்னல் ஒரு குறுகிய சந்துப் பக்கம் பார்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய சலவை இயந்திரங்கள் கடகடவென்று ஓடின. பகல் முழுக்க ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. ஆனால் அந்தச் சுவர் இதமான சூடாக இருந்தது. அறைக்கு ஒன்றாகக் கதவுகள் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் தாழ்ப்பாள் இருந்தது.

சலவைக்காரருக்கோ வருஷக்கணக்கில் இயந்திரங்களோடு இருந்து காது பாதி மந்தம். அவரும் வெளியிலிருந்து வந்தவர்தான். மாமனார் வாசலில் நின்று, "வாடகைக்கு வந்திருக்கோம்!" என்றார். சலவைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீங்க பேசறது நல்லாக் கேட்குதே! இந்தக் காலத்துல எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசறாங்க."

மாமனார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாயைத் திறந்து, தொழில் மறந்துபோகாமல், "ஹீட்டர் செலவே இல்லாத ரூம், மாமா" என்றாள்.

அந்த மாதமே குடிவந்தார்கள். டிரைவர் விடுமுறை எடுத்துக்கொண்டு சாமான்களைச் சுமந்தான். இரண்டு குடும்பத்துச் சாமானும் சேர்ந்து ஒரு கைவண்டியைத் தாண்டவில்லை. அக்கா மடக்குக் கட்டிலையும் கொடுத்தனுப்பினாள். ஹாலில் காலியான இடத்தைப் பார்த்துக் கொஞ்சம் அழுதுவிட்டு, சாயங்காலமே அங்கே துணி காயப்போட்டாள்.

மாமனார் ஆர்ப்பாட்டங்களை விடவில்லை. கொள்கையும் மாறவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவர் பேச எழுந்தால் விலக்கு சொல்லவே பாதி நேரம் போய்விடுகிறது. சமையல்காரரைச் சொல்லவில்லை, சலவைக்காரரைச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களைச் சொல்லவில்லை... ஒரு நாள் கூட்டத்தில் ஒருவன், "அப்ப யாரைத்தான் பெரியவரே சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டான். அவர் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். கடைசியில், அமைச்சர்கள் பக்கம் தாவி, விட்ட சத்தத்தையெல்லாம் சேர்த்து அங்கே போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல்காரர் வருவார், பெரியவரோடு சண்டை போட. சண்டை முடிந்து போகும்போது மறக்காமல், "அடுத்த வாரம் எதைப் பத்தி?" என்று கேட்டுக்கொண்டு போவார்.

சாவிக்கும் டிரைவருக்கும் முதல் சண்டை வந்தது ஜன்னலைப் பற்றி. குடிவந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. விடுமுறை நாள் காலை, இயந்திரங்கள் ஓடவில்லை. அவனுக்குக் காற்று வேண்டும், திறந்து வைத்தான். சந்திலிருந்து சோப்பு நுரை நாற்றம் வருகிறது என்று அவள் சாத்தினாள். அவன் திறந்தான். அவள் சாத்தினாள்.

"நாள் பூரா பஸ்ஸுக்குள்ள அடைஞ்சு கிடக்கறவன், வீட்லயாவது மூச்சு விட வேணாமா?"

"நாள் பூரா ஊரார் வீட்டு ஜன்னலைத் திறந்து மூடறவ நான். எனக்குன்னு ஒரு ஜன்னல் வந்திருக்கு, அதை என் இஷ்டப்படி சாத்திக்கக் கூடாதா?"

"உன் ஜன்னலா? என்ன, வாடகை நீ மட்டும்தான் குடுக்கறியா?"

குரல்கள் ஏறின. வெளியறையில் மாமனார் மெதுவாக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சலவைக்காரரைப் பார்க்கக் கிளம்பினார். வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள். பேச்சு நின்ற இடத்தில், இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று புரிந்தது. அக்கா வீட்டு ஹாலில் இப்படிக் கத்தியிருக்க முடியுமா? பஸ்ஸில், பத்துப் பேர் முன்னால்? கடைசி நிறுத்தத்தில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் கோபப்பட யாருக்கு மனசு வந்தது? கல்யாணமாகி இத்தனை மாதமாகப் பாக்கி வைத்த சண்டையெல்லாம் இருந்தது அவர்களிடம்.

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலை அவனே சாத்தப் போனான்.

"அதெல்லாம் வேணாம், இருங்க," என்றாள் சாவி, கட்டிலில் வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு. "நான் இன்னும் முடிக்கல. கல்யாணத்தன்னிக்கு ஓட்டல்ல என்னைப் பத்தி உங்க சித்தப்பா ஒண்ணு சொன்னாரே, நீங்களும் கேட்டுக்கிட்டுச் சும்மாவே இருந்தீங்களே, அதுக்கு வாங்க முதல்ல."